தினசரி நெடும்பயணத்தில் ஹைப்ரிட் காரின் எரிபொருள் சிக்கனம்

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி ஹைப்ரிட் கார். பிளக் மாட்டி மின்னேற்றம் செய்யத் தேவையில்லாத சாதாரண ஹைப்ரிட் காருக்கு ஆற்றல் முழுவதும் பெட்ரோல் தொட்டியிலிருந்தே கிடைக்கிறது. மோட்டாரைச் சுழற்றும் மின்சாரமும் ஏதோ ஒரு நேரத்தில் பெட்ரோலாக இருந்ததுதான். எனவே இந்த வண்டியின் சிக்கனம் முழுவதும், மற்ற கார்கள் வீணடிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைக் காப்பாற்றுவதிலிருந்து வருகிறது. வீணாவது அதிகமாக இருக்கும் பயணத்தில் காப்பாற்றுவதற்கும் நிறைய இருக்கும். குறைவாக இருந்தால் ஆதாயமும் குறைவு. தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போய் வேலை பார்த்துத் திரும்புபவரின் பயணம் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்பதே முதலில் தெளியவேண்டிய கேள்வி.

டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் ஹைப்ரிட் கார் அதுவே. 1999 இறுதியில் ஹோண்டா இன்சைட் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிரியஸும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஹைப்ரிட் காரை நீண்ட அன்றாடப் பயணத்துக்கு எடுத்துச் சென்று அதன் பலத்தையும் பலவீனத்தையும் உலகம் முதலில் கற்றது அமெரிக்க நெடுஞ்சாலைகளில்தான். 2019ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக் கணக்கின்படி, ஒருவர் வேலைக்குப் போகச் சராசரியாக 27.6 நிமிடம் ஆனது. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஒரு வழிக்கே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடித்தது. ஹைப்ரிட் கார் அதிகம் விற்ற கலிஃபோர்னியா மாநிலம் இத்தகைய பயணங்களுக்குப் பெயர் போனது.

ஆற்றல் போகும் வழிகள்

சமதளத்தில் ஓடும் கார் மூன்று காரியங்களுக்கு ஆற்றலைச் செலவிடுகிறது: காற்றைப் பிளப்பதற்கு, டயர்கள் நசுங்கி உருள்வதற்கு, நின்ற வண்டியை மறுபடி வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு. முதல் இரண்டுக்கும் செலவான ஆற்றல் திரும்பாது. மூன்றாவது அப்படியல்ல. வேகமாக ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் சேர்ந்திருக்கிறது. சாதாரண காரில் பிரேக் மிதித்ததும் அது வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஹைப்ரிட் காரில் பிரேக் மிதிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை பேட்டரிக்கு அனுப்புகிறது. மின்னாக்கி, பேட்டரிக்குள் போகும் வழி, வெளியே வரும் வழி, மோட்டார் என்று நான்கு கட்டங்களிலும் பத்து சதவீதம் இழப்பு என்று வைத்தால், கடைசியில் சக்கரத்துக்குத் திரும்புவது ஏறத்தாழ 65 சதவீதம்.

ஆளோடும் சாமான்களோடும் 1,450 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 140 கிலோஜூல். நகரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒருமுறை நின்று புறப்பட்டால், 100 கிலோமீட்டருக்கு 14 மெகாஜூல் பிரேக்கில் போய்விடும். நகர வேகத்தில் காற்றும் டயரும் கேட்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய பங்கு. நெடுஞ்சாலையில் கதையே வேறு. மணிக்கு 100 கிலோமீட்டரில் அதே காரின் இயக்க ஆற்றல் சுமார் 560 கிலோஜூல். அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இரண்டே முறை நின்றால் பிரேக்கில் போவது 1.1 மெகாஜூல், அதே தூரத்துக்குக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 23 மெகாஜூல். பிரேக்கில் வீணாவது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதை முழுவதும் மீட்டாலும் மைலேஜ் எண்ணில் பெரிதாகத் தெரியாது.

இதை வைத்து, நெடுஞ்சாலையில் ஹைப்ரிட் கார் வீண் சுமை என்று முடிவு கட்டுவோர் உண்டு. அந்த முடிவு தவறு. பிரேக் மீட்பு, ஹைப்ரிட் சிக்கனத்தின் ஒரு வழி மட்டுமே. நெடுஞ்சாலையில் வேலை செய்யும் வழி இன்ஜினுக்குள் இருக்கிறது.

இன்ஜினுக்கு வசதியான சுமை

பெட்ரோல் இன்ஜின் முழுச் சுமைக்கு அருகில் நன்றாக வேலை செய்யும். குறைந்த சுமையில் பெட்ரோலை விரயமாக்கும். சாதாரண காரில் முந்திச் செல்லவும் மேட்டில் ஏறவும் வேண்டிய திறனை மனத்தில் வைத்துப் பெரிய இன்ஜின் பொருத்தப்படுகிறது. ஆனால் சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராக ஓட, காற்றை எளிதில் பிளக்கும் வடிவமுள்ள காருக்குச் சக்கரத்தில் 11 கிலோவாட் போதும். நூறு கிலோவாட் தரக்கூடிய இன்ஜின் பதினொரு கிலோவாட்டுக்கு வேலை செய்யும்போது, காற்று உள்ளே போகும் வழியைத் திராட்டில் வால்வு பாதி அடைத்து நிற்கிறது. அடைபட்ட வழியாகக் காற்றை இழுப்பதற்கே இன்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது.

பிரியஸின் இன்ஜின் அட்கின்சன் சுழற்சியில் இயங்குவது. ஆங்கிலேயரான ஜேம்ஸ் அட்கின்சன் 1880களில் வகுத்த கருத்து இது: எரிந்த வாயு விரிவதற்கு, அழுத்தத்துக்குக் கிடைத்ததைவிட நீண்ட தூரத்தைக் கொடுத்தால், வெப்பத்திலிருந்து அதிக வேலையை எடுக்கலாம். இன்றைய இன்ஜின்களில் உள்வால்வைத் தாமதமாக மூடி இந்த விளைவைப் பெறுகிறார்கள். இதற்கு விலையாக இன்ஜினின் உச்சத் திறன் குறைகிறது. அந்தக் குறையைத் தேவையான சில விநாடிகளுக்கு மின்மோட்டார் ஈடுகட்டுகிறது. மோட்டாரின் துணை இருப்பதால்தான் இப்படிச் சிக்கனமான, திறன் குறைந்த இன்ஜினைத் துணிந்து பொருத்த முடிகிறது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 1.8 லிட்டர் இன்ஜின், பெட்ரோலின் ஆற்றலில் அதிகபட்சம் 38.5 சதவீதத்தை வேலையாக மாற்றியது. நான்காம் தலைமுறையில் அது 40 சதவீதமானது.

இன்ஜின், இரண்டு மோட்டார்கள், சக்கரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. நடுப்பற்சக்கரம் சிறிய மோட்டாரோடும், அதைச் சுற்றிவரும் பற்சக்கரங்களைத் தாங்கும் சட்டம் இன்ஜினோடும், வெளி வளையம் சக்கரத்தோடும் சேர்ந்திருக்கும். இரண்டாம் தலைமுறையில் நடுப்பற்சக்கரத்துக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78 பற்கள். இந்த விகிதத்தால் இன்ஜினின் முறுக்குவிசையில் 72 சதவீதம் நேராகச் சக்கரத்துக்கும் 28 சதவீதம் மின்னாக்கிக்கும் பிரிகிறது. கியர் மாற்றுவதே கிடையாது. சிறிய மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே, சாலை வேகம் எதுவானாலும் இன்ஜினைச் சிக்கனமான சுழற்சி வேகத்தில் கணினி நிறுத்திவைக்கிறது.

இந்த அமைப்புக்கு ஒரு வரம்பும் உண்டு. இன்ஜின் முற்றிலும் நின்றிருக்கும்போது நடுப்பற்சக்கரம் வளையத்தின் வேகத்தைப் போல 2.6 மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுழல்கிறது. சிறிய மோட்டார் தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காக, இரண்டாம் தலைமுறையில் மணிக்கு சுமார் 67 கிலோமீட்டருக்கு மேல் இன்ஜின் கட்டாயம் சுழலும்; மூன்றாம் தலைமுறையில் அந்த வரம்பு ஏறத்தாழ 74 கிலோமீட்டர். அதற்கு மேலும் சரிவில் பெட்ரோல் செலுத்தாமல் இன்ஜினை வெறுமனே சுழலவிடலாம் என்றாலும், நகரத்தில் அடிக்கடி கிடைக்கும் அந்த நிசப்த மின்னோட்டம் நெடுஞ்சாலையில் கிடைக்காது. உயர்வேகத்தில் மின்சாரம் ஒரு மோட்டாரிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றிச்சுற்றி ஓடும் நிலையும் வரும். ஒவ்வொரு சுற்றிலும் சிறிது இழப்பு. ஹோண்டாவின் பிந்தைய ஹைப்ரிட் அமைப்பு இதற்கு வேறு தீர்வு கண்டது: நகரத்தில் இன்ஜின் மின்சாரம் மட்டும் உண்டாக்க மோட்டாரே காரை ஓட்டுகிறது, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேரடியாகச் சக்கரத்தோடு பிணைத்துவிடுகிறது.

நகரமும் நெடுஞ்சாலையும்: ஒரே அளவு இன்ஜின், இரண்டு கார்கள்

ஒரே நிறுவனத்தின், ஒரே ஆண்டின், ஒரே 1.8 லிட்டர் கொள்ளளவுள்ள இன்ஜின் பொருத்திய இரண்டு கார்களை ஒப்பிட்டால் நிலைமை துலங்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010 மாடல் பிரியஸுக்குக் கொடுத்த மைலேஜ், கேலனுக்கு நகரத்தில் 51 மைல், நெடுஞ்சாலையில் 48 மைல். தானியங்கி கியர் கொண்ட 2010 கொரோலாவுக்கு நகரத்தில் 26, நெடுஞ்சாலையில் 34. நமக்குப் பழகிய அளவில் சொன்னால், பிரியஸ் லிட்டருக்கு நகரத்தில் 21.7 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் 20.4 கிலோமீட்டரும் தருகிறது, கொரோலா 11.1 கிலோமீட்டரும் 14.5 கிலோமீட்டரும் தருகிறது.

இதையே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டால், நகரத்தில் கொரோலா 9 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்க, பிரியஸ் 4.6 லிட்டரில் முடித்துவிடுகிறது, மிச்சம் 4.4 லிட்டர். நெடுஞ்சாலையில் கொரோலா 6.9 லிட்டர், பிரியஸ் 4.9 லிட்டர்; மிச்சம் 2 லிட்டர். ஒரு கிலோமீட்டருக்கான ஆதாயம் நெடுஞ்சாலையில் பாதிக்கும் குறைவு என்பது உண்மையே. ஆனால் பணம் சேமிக்கப்படுவது கிலோமீட்டர்களின் கூட்டுத்தொகையில். நகரத்துக்குள்ளேயே ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆண்டு மிச்சம் 440 லிட்டர். தினமும் 120 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 250 நாள், அதாவது 30,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போய்வருபவருக்கு மிச்சம் 600 லிட்டர். சிக்கனம் குறைந்த சாலையில் ஓட்டியும் மொத்தத்தில் அதிகம் மிச்சம் பிடிப்பவர் இரண்டாமவரே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். 600 லிட்டர் என்பது ஏறத்தாழ 1.4 டன்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கின் மயக்கம்

மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வது பழக்கம். காரை ஒப்பிட இந்த எண் ஏற்றதல்ல. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காரை விற்று 15 தரும் காரை வாங்கினால், 100 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர் மிச்சமாகும். 20 தரும் காரிலிருந்து 25 தரும் காருக்கு மாறினால் மிச்சம் ஒரு லிட்டர்தான். இரண்டிலும் வித்தியாசம் ஐந்து என்பதால் ஆதாயமும் சமம் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் இந்த மயக்கத்தை ஆராய்ந்து 2008இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டனர். 2013 மாடல்கள் முதல் அமெரிக்கப் புதுக் கார்களின் கண்ணாடியில் ஒட்டப்படும் சீட்டில், 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணும் சேர்ந்து அச்சாகிறது. நெடும்பயணம் செய்பவர் காரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கவேண்டியது அந்த எண்ணைத்தான்.

வேகத்தின் விலை

நெடுஞ்சாலையில் மைலேஜைத் தீர்மானிப்பதில் ஓட்டுநரின் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் காற்றுத்தடைக் கெழு 0.25. அந்த வடிவத்துக்கு, காற்று வீசாத சமதளத்தில் கணக்கிட்டால், காற்றும் டயரும் சேர்ந்து 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும் ஆற்றல், மணிக்கு 80 கிலோமீட்டரில் 29 மெகாஜூல், 100 கிலோமீட்டரில் 38 மெகாஜூல், 120 கிலோமீட்டரில் ஏறத்தாழ 50 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் 35 சதவீதம் சக்கரத்தை எட்டுகிறது என்று கொண்டால், மூன்று வேகங்களுக்கும் முறையே 2.6, 3.4, 4.4 லிட்டர் தேவை. ஏசி, எதிர்காற்று, மேடு, நெரிசல் எல்லாம் சேரும்போது உண்மைச் செலவு இதைவிடக் கூடும். ஆனால் மூன்றுக்கும் இடையிலுள்ள ஏற்றம் மாறாது.

அறுபது கிலோமீட்டர் தூரத்தை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 நிமிடம், 120 வேகத்தில் 30 நிமிடம். ஆறு நிமிடம் மிச்சமாக, ஒரு வழிக்கு 0.6 லிட்டர் கூடுதலாகப் போகிறது. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டருக்கு இது 300 லிட்டர். சாதாரண காரை விட்டு ஹைப்ரிட் வாங்கி மிச்சப்படுத்திய 600 லிட்டரில் பாதி, அந்த ஆறு நிமிடத்தில் திரும்பப் போய்விடுகிறது. சாதாரண காரும் வேகத்தில் கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மை; ஆனாலும் வேகத்தைக் குறைக்காமல் காரை மட்டும் மாற்றுபவர் எதிர்பார்த்த எண்ணைக் காணமாட்டார். வேகமெடுப்பும் பிரேக்கும் முரட்டுத்தனமாக இருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை மைலேஜ் இறங்கும் என்பது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேடு தரும் மதிப்பீடு.

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு வேடிக்கையான பக்கம் உண்டு. கேலனுக்கு 45 மைலோ அதற்கு மேலோ தரும் ஹைப்ரிட் கார்களுக்கு 2005 முதல் மஞ்சள் ஒட்டுச்சீட்டு கொடுத்து, பலர் சேர்ந்து பயணிக்கும் கார்களுக்கென ஒதுக்கிய தடத்தில் ஒற்றை ஆளாகவும் போக அனுமதித்தார்கள். மொத்தம் 85,000 சீட்டுகள் கொடுக்கப்பட்டன. 2011 ஜூலை 1இல் அந்தச் சலுகை முடிந்தது. நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் ஹைப்ரிட் கார் மற்றவற்றைவிட மிக அதிகமாக ஜெயிக்கிறது. சலுகை அதை அந்த நெரிசலிலிருந்து எடுத்து வேகத்தடத்தில் விட்டது. ஓட்டுநருக்கு லாபம் நேரத்தில் கிடைத்தது.

மேடு, குளிர், வெயில்

கலிஃபோர்னியாவின் விக்டர் பள்ளத்தாக்கிலிருந்து சான் பெர்னார்டினோ பக்கம் வேலைக்கு வருபவர்கள் கஹோன் கணவாயைக் கடக்கவேண்டும். கணவாயின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். கீழே உள்ள ஊர் சுமார் 300 மீட்டர் உயரத்தில். 900 மீட்டர் இறக்கத்தில் 1,450 கிலோ காரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 3.6 கிலோவாட்-மணி. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பேட்டரியின் கொள்ளளவு 1.3 கிலோவாட்-மணி, ஆயுள் நீடிக்கவேண்டும் என்பதற்காக அது 40 முதல் 80 சதவீதத்துக்குள்தான் பயன்படுகிறது. ஆகக் கைக்கு வருவது அரை கிலோவாட்-மணி. இறக்கத்தின் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொண்டாலும், செங்குத்தான பகுதியில் பிரேக்கில் விழும் மிச்சமே பேட்டரியை நிரப்பப் போதும். நிரம்பிய பிறகு, பெட்ரோல் இல்லாமல் இன்ஜினைச் சுழற்றி மீதியை விரயம் செய்வதைத் தவிர காருக்கு வேறு வழியில்லை. சிறுசிறு ஏற்ற இறக்கங்களில் பேட்டரி நன்றாக உதவும். மலைப்பாதையில் அது சீக்கிரம் நிறைந்துவிடும் சிறு பாத்திரம்.

குளிர் ஹைப்ரிட் காரை மற்றக் கார்களைவிட அதிகமாகத் தாக்குகிறது. மைனஸ் 7 டிகிரி செல்சியஸில், நகர்ப் பயணத்தில், சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். ஹைப்ரிட் காரில் 30 முதல் 34 சதவீதம் வரை குறையும் என்கிறது அமெரிக்க அரசின் அதே எரிபொருள் சிக்கனக் கையேடு. ஹைப்ரிட் கார் இன்ஜினை நிறுத்தி நிறுத்தியே மிச்சம் பிடிக்கிறது; குளிர்காலத்தில் பயணியின் கதகதப்புக்கும் புகைச் சுத்திகரிப்பு வினையூக்கியின் சூட்டுக்கும் இன்ஜின் ஓடியே ஆகவேண்டும். இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் அமெரிக்க வகையில், சூடான குளிர்விப்பு நீரை ஒரு வெந்நீர்க் குடுவையில் சேமித்து அடுத்த புறப்பாட்டுக்குப் பயன்படுத்தினார்கள். மூன்றாம் தலைமுறையில் புகைக்குழாயின் வெப்பத்தையே மீட்டெடுத்தார்கள். நெடும்பயணக்காரருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. இன்ஜின் சூடேறும் முதல் சில கிலோமீட்டர்களின் கூடுதல் செலவு, ஐந்து கிலோமீட்டர் பயணத்தில் மைலேஜையே குலைத்துவிடும். அறுபது கிலோமீட்டரில் அது கரைந்துபோகும்.

வெயிலில் ஏசி பங்கு கேட்கும். சாதாரண காரில் ஏசி கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட் சுழற்றுகிறது. 2004 மாடல் முதல் பிரியஸில் அது மின்சாரத்தில் ஓடுவதால், சிக்னலில் இன்ஜின் நின்றிருந்தாலும் குளிர்ச்சி நிற்காது. ஆனால் அந்த மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததே. பேட்டரி இறங்கியதும் இன்ஜின் விழித்துக்கொள்ளும்.

சோதனைக்கூட எண்ணும் சாலை எண்ணும்

2004 மாடல் பிரியஸுக்கு அமெரிக்க முகமை முதலில் கொடுத்த எண்கள், கேலனுக்கு நகரத்தில் 60, நெடுஞ்சாலையில் 51, இரண்டும் கலந்து 55 மைல். வாங்கியவர்களில் பலருக்கு அது சாலையில் கிடைக்கவில்லை. காரணம் சோதனை முறையில் இருந்தது. அன்றைய நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்ச வேகம் 60 மைல். அதாவது 97 கிலோமீட்டர். ஏசி போடப்படவில்லை, குளிரும் சேர்க்கப்படவில்லை. 2008 மாடல்களிலிருந்து முகமை சோதனைகளை ஐந்தாக்கியது: 80 மைல் வரை போகும் வேகச் சோதனை, 35 டிகிரி செல்சியஸில் ஏசி சோதனை, மைனஸ் 7 டிகிரி குளிர்ச் சோதனை ஆகியவை சேர்ந்தன. புதிய முறையில் அதே பிரியஸின் எண்கள் 48, 45, 46 ஆக இறங்கின. நகர எண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. நெடுஞ்சாலை எண்ணுக்குப் பன்னிரண்டு சதவீதம். கார் மாறவில்லை, அளவுகோல் சாலைக்கு நெருங்கி வந்தது.

இந்தியச் சோதனை முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. இருபது நிமிடத்துக்குள் முடியும் அந்தச் சோதனையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். 2022இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் முழு ஹைப்ரிட் வகைக்குச் சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், கைகியர் கொண்ட சாதாரண கிராண்ட் விட்டாராவுக்கு 21.11 கிலோமீட்டர். எண்களில் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. 100 கிலோமீட்டருக்கான லிட்டராக மாற்றினால் 3.6, 4.7, மிச்சம் 1.2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. செங்கல்பட்டிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ சென்னைக்கு வந்து போகும் ஒருவரின் பாதையில் வேகமாக ஓடும் நெடுஞ்சாலையும், நகர எல்லையில் ஊர்ந்து நகரும் நெரிசலும் கலந்தே இருக்கும். நெரிசல் பகுதி எவ்வளவு நீளமோ, சாதாரண காருக்கும் ஹைப்ரிட்டுக்கும் இடையிலான வித்தியாசம் அவ்வளவு விரியும்.

எரிபொருளின் கலவையும் கணக்கில் வரவேண்டும். எத்தனாலில், அதே அளவு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஒரு லிட்டரின் ஆற்றல் மூன்று சதவீதம் அளவும், இருபது சதவீதம் கலந்ததில் ஆறேழு சதவீதமும் குறைகிறது.

மைலேஜை அளப்பது எப்படி

டாஷ்போர்டில் தெரியும் மைலேஜ் கணினியின் மதிப்பீடு. பல கார்களில் அது உண்மையைவிடச் சில சதவீதம் கூடுதலாகவே காட்டும். நம்பகமான முறை பழையதுதான்: டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. பங்க்கில் நிரப்பும் குழாய் ஒவ்வொரு முறையும் சற்று முன்னேயோ பின்னேயோ நின்றுவிடுவதால், ஒரே ஒரு நிரப்பலை நம்பக் கூடாது. பல மாதங்களின் தூரத்தையும் லிட்டரையும் கூட்டி வகுக்கவேண்டும். அமெரிக்காவில் விற்ற முதல் இரண்டு தலைமுறைப் பிரியஸில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் இருந்தது. பெட்ரோல் ஆவி வெளியேறாமலிருக்க டேங்குக்குள் சுருங்கி விரியும் பிளாஸ்டிக் பை வைத்திருந்தார்கள். குளிரில் பை விறைத்து முழுவதும் விரியாததால், டேங்க் நிரம்பியது என்பதன் பொருளே பருவத்துக்குப் பருவம் மாறியது.

டயர் காற்றை மறப்பது நெடும்பயணக்காரருக்கு மெல்லக் கரையும் நஷ்டம். நான்கு டயர்களிலும் ஒரு பவுண்டு காற்றழுத்தம் குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் இறங்கும். ஐந்து பவுண்டு குறைந்தால் ஒரு சதவீதம். வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கும்போது அழுத்தம் தானாகவே ஒரு பவுண்டு குறையும்.

செலவும் ஆயுளும்

ஹைப்ரிட் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது ஓடும் தூரத்தைப் பொறுத்தது. விலை வித்தியாசம் 2 லட்சம் ரூபாய், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மிச்சம் 100 கிலோமீட்டருக்கு 1.16 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆண்டு மிச்சம் ஏறத்தாழ 35,000 ரூபாய். ஆறு ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். 10,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்குப் பதினேழு ஆண்டு ஆகும். பிரேக் வேலையில் பெரும்பங்கை மோட்டார் செய்வதால் பிரேக் பட்டைகள் நீண்ட காலம் உழைக்கும் என்பதையும் வரவில் சேர்க்கலாம்.

செலவுப் பக்கத்தில் நிற்பது பேட்டரி. அமெரிக்காவில் பிரியஸ் ஹைப்ரிட் பாகங்களுக்கு நீண்ட காலம் கொடுக்கப்பட்ட உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல், எது முந்தியதோ அது. 2020 மாடலிலிருந்து பேட்டரிக்கு அது 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் ஆனது. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு முதல் உத்தரவாதம் ஐந்தரை ஆண்டுக்குள், இரண்டாவது எட்டு ஆண்டில் தூரத்தாலேயே முடிந்துவிடும். எனவே அவர் உத்தரவாதச் சீட்டில் ஆண்டுக்கணக்கைவிட தூரக்கணக்கையே பார்க்கவேண்டும்.

பிளக் மாட்டி மின்னேற்றும் ஹைப்ரிட், நெடும்பயணத்துக்கு மூன்றாவது வழி. 2023 மாடல் பிரியஸ் பிரைம் 13.6 கிலோவாட்-மணி பேட்டரியில் அதிகபட்சம் 44 மைல், அதாவது 71 கிலோமீட்டர் வரை பெட்ரோல் இல்லாமல் ஓடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண். வீட்டில் இரவு மின்னேற்றி, ஒரு வழி 60 கிலோமீட்டர் போகும் ஒருவருக்கு, போகும் பயணம் மின்சாரத்திலும் திரும்பும் பயணத்தின் பெரும்பகுதி பெட்ரோலிலும் நடக்கும். வேலையிடத்தில் மின்னேற்றும் வசதி இருந்தால் திரும்பும் பயணமும் மின்சாரத்துக்கு மாறும். இரண்டு இடத்திலும் வசதி இல்லாதவருக்கு அந்தப் பெரிய பேட்டரி வெறும் எடை. அவருக்குச் சாதாரண ஹைப்ரிட் காரே பொருந்தும்.